அடிப்பதற்கும் பிடிப்பதற்கும் ஒரே நிலையா? பன்னிரண்டு வார வகுப்பு ஒன்றின் மதிப்புரை

"குத்துக்கும் பிடிக்கும் ஒரே நிலை", அதாவது இரண்டுக்கும் கால் வைத்து நிற்கும் முறை ஒன்றே, என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துத்தான், சென்னையில் என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, ஒவ்வொரு வகுப்பும் ஒன்றேகால் மணி நேரம் என்று பன்னிரண்டு வாரங்கள். கட்டணம் 9,000 ரூபாய். முதல் நான்கு வாரங்கள் குத்துச்சண்டை, அடுத்த நான்கு வாரங்கள் பிடித்து எறியும் ஜூடோ, கடைசி நான்கு வாரங்கள் இரண்டையும் சேர்த்த பயிற்சி என்று பகுத்திருந்தார்கள். குறைகளையும் எழுதப் போவதால் கூடத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இப்படி இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கற்றுத்தரும் வகுப்புகள் இப்போது பெருகிவருவதால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்புரை சிலருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். எனக்கு நாற்பத்தொரு வயது. பள்ளி நாட்களில் மூன்று ஆண்டுகள் கராத்தே கற்று, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் எதையும் தொடாமல் இருந்தவன்.

முதல் வாரம் முழுவதும் எங்களை யாரும் குத்த விடவில்லை. நின்றோம், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்ந்தோம், மறுபடி நின்றோம். பதினான்கு பேரில் மூன்று பேர் இதற்கே சலித்துப்போய் வராமல் நின்றுவிட்டார்கள் என்றாலும், கட்டணத்தில் பாதியை அந்த வாரமே ஈடுசெய்துவிட்டது என்பது என் கணக்கு. குத்துச்சண்டைப் பயிற்றுநர் வடசென்னைக்காரர். எல்லோரும் அவரைக் கோச் என்றே அழைத்தோம். தரையில் இரண்டு இணைகோடுகளை வண்ண டேப்பால் ஒட்டி, இடது காலை ஒரு கோட்டிலும் வலது காலை மற்றக் கோட்டிலும் வைக்கச் சொன்னார். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் வந்தால் கயிற்றின் மேல் நடப்பவரைப் போல ஆகிவிடுவோம். பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளுக்கே சாய்ந்துவிடுவோம். கோடுகளுக்கு இடையிலான அகலம் மிகுந்தாலோ இடுப்பு எதிராளியை நேருக்கு நேர் பார்த்துவிடும், பின்கை குத்துக்குச் சுழல வேண்டிய தூரம் குறைந்துவிடும். முழங்கால்கள் இரண்டும் இலேசாக மடங்கியிருக்க வேண்டும், பின்காலின் குதிகால் தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்க வேண்டும், எடை இரண்டு கால்களுக்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் போய்த் தோளைத் தொட்டுத் தள்ளிப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதைக் கொண்டு கால் எங்கே தவறியது என்று சொல்லிவிடுகிற அந்தக் கண்ணுக்காகவே இவரைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் வாரத்தில், முன்னே இருக்கும் கையால் நேராகக் குத்தும் ஜேப்பும், அதைத் தொடர்ந்து பின்கையால் நேராகக் குத்தும் கிராஸும் வந்தன. கராத்தே நினைவில் நான் முஷ்டியை இடுப்பிலிருந்து கிளப்பப் பார்த்தேன். "அண்ணே, கையை மறந்துடுங்க, குதிகாலைத் திருப்புங்க" என்றார். பின்காலின் முன்பாதம் தரையைத் தள்ளி, குதிகால் வெளிப்பக்கம் திரும்பி, அதன் பிறகு இடுப்பு, அதன் பிறகு தோள், எல்லாவற்றுக்கும் கடைசியில் முழங்கை நீண்டு முஷ்டி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் சொன்ன வரிசை. இந்த வரிசையில் ஒரு கண்ணி முந்திக்கொண்டாலும் பின்னால் வருவது வீணாகிறது. என் தோள் இடுப்புக்கு முன்பே ஓடிவிடுவதைத் தன் கைப்பேசியில் மெதுவோட்டக் காட்சியாகப் படம்பிடித்துக் காட்டியபோதுதான் எனக்கே அது புரிந்தது. கராத்தே கற்ற மூன்று ஆண்டுகளும் நான் கையால் மட்டுமே குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோச்சின் வற்புறுத்தலுக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தைப் பகுத்துப் பார்த்தபோது, தேர்ந்த வீரர்களின் குத்தில் பின்காலின் உந்துதலுக்குச் சுமார் 38 சதவீதப் பங்கும், தொடக்கநிலை வீரர்களின் குத்தில் அதே உந்துதலுக்குச் சுமார் 17 சதவீதப் பங்கும் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். கை நீள்வதன் பங்கு தேர்ந்தவர்களிடம் ஏறக்குறைய கால்வாசிதான். வீரர் முன்னேற முன்னேற அவருடைய பலம் கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் கோச் அடிக்கடி சொன்ன இன்னொரு வாக்கியத்தை, அதாவது சரியாக நின்றால் உடம்பின் மொத்த எடையும் முஷ்டிக்குப் பின்னால் போய் நிற்கும் என்பதை, நான் அப்படியே ஏற்கவில்லை. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து எடைப் பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் நிலைக் குத்துச்சண்டை வீரர்களை உணரிகள் பொருத்திய பொம்மைத் தலையைக் குத்தச் செய்து அளந்தார்கள். குத்தின் சராசரி விசை 3,427 நியூட்டன், கையின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர், மோதலில் உண்மையாகப் பங்கேற்ற நிறை சராசரியாக 2.9 கிலோகிராம். மொத்த உடம்பும் முஷ்டியின் பின்னால் நிற்கிறது என்றால் அந்த எண் பலமடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும். காலும் இடுப்பும் செய்வது இரண்டு வேலைகள்: கைக்கு வேகத்தைக் கொடுப்பது, மோதும் கணத்தில் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் மடங்கிவிடாமல் பின்னாலிருந்து தாங்குவது. மணிக்கட்டு வளைந்தால் அந்த 2.9 கிலோவும் குறைந்துபோகும், கூடவே கையும் பழுதாகும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் மூட்டுகளால் குத்தாமல் சுண்டுவிரல் பக்கமாகக் குத்துபவர்களுக்கு அந்த விரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவதை மருத்துவர்கள் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே அழைக்கிறார்கள். கைச்சுற்றுத் துணியை எப்படிச் சுற்றுவது என்பதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கியதற்காகக் கோச்சுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் கற்றுக்கொடுத்த ஒன்றை இந்த வகுப்பில் சேரும் வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. முன்காலைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, உடம்பை முன்னோக்கி விழவிட்டு, அந்தக் கால் மறுபடி தரையைத் தொடும் முன்பே ஜேப் குத்துப் பையைத் தொட வேண்டும். விழுகிற உடம்பின் எடைதான் அந்தக் குத்தின் பலம். இதை விழும் காலடி என்று அமெரிக்க வீரர் ஜாக் டெம்ப்சி வலியுறுத்தியதாகச் சொல்லிவிட்டு, 1919 ஜூலை 4 அன்று ஒஹையோவின் டொலீடோ நகரில் நடந்த போட்டியைக் கோச் விவரித்தார். டெம்ப்சியின் எடை ஏறக்குறைய 85 கிலோ, அவரை எதிர்த்து நின்ற உலகச் சாம்பியன் ஜெஸ் வில்லார்டின் எடை 111 கிலோ. முதல் சுற்றிலேயே வில்லார்ட் ஏழு முறை கீழே விழுந்தார். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு எழுந்து வரவில்லை. பாதம் முதலில் ஊன்றிவிட்டால் எடை முழுவதையும் தரை வாங்கிக்கொள்ளும், பைக்கு வெறும் கைதான் போகும் என்பதை என் காதாலேயே அறிந்துகொண்டேன்: சரியாக விழுந்த குத்துக்குப் பை கொடுக்கும் சத்தமே வேறு.

இனி குறைகளில் முதலாவது. கூடத்தின் தரை முழுவதும் ஜூடோவுக்கான மெத்தைகளைப் பரப்பியிருக்கிறார்கள், குத்துச்சண்டைக்கென்று தனித்தரை இல்லை. விழுவதற்கு அந்த மென்மை தேவை. ஆனால் குதிகாலைத் திருப்பிக் குத்துவதற்கு அது எதிரி. வெறுங்காலின் முன்பாதம் மெத்தையில் அமிழ்ந்து ஒட்டிக்கொள்கிறது, மேலே இடுப்பு சுழல்கிறது, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது முழங்கால். நான்காம் வாரம் முடிவதற்குள் என் வலது முழங்காலின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கிவிட்டது. முன்பாதத்தில் எடையைச் சற்றே குறைத்துவிட்டுத் திருப்பலாம், அல்லது குத்துச்சண்டைக் காலணி போட்டுக்கொண்டு கடினமான தரையில் நிற்கலாம். காலணியோடு மெத்தையில் ஏறக்கூடாது என்பது கூடத்தின் விதி. கடினமான தரை வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே எங்களில் சிலர் வாசலில் நின்று, எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் நிழற்குத்துப் பழகினோம், பால்காரர் வேடிக்கை பார்த்தார். பலம் தரையிலிருந்து வருகிறது என்று போதிக்கும் இடம் தரையைப் பற்றி இவ்வளவு குறைவாக யோசித்திருப்பது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது. பொதுக் கையுறைகளின் நாற்றத்தைப் பற்றி எழுதி வாசகரின் காலை நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் வாரத்தில் ஜூடோ தொடங்கியதும் கூடத்தின் சூழலே மாறியது. கற்பித்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. மேடம் என்று அழைத்தோம். உகேமி எனப்படும் விழும் முறைக்கு நான்கு வகுப்புகளை ஒதுக்கினார். தாடையை மார்போடு ஒட்டி, தலையின் பின்புறம் தரையில் படாமல், உடம்புக்குச் சற்று விலகிய கோணத்தில் கையால் மெத்தையை அறைந்து விழ வேண்டும். கையை ஊன்றித் தடுக்க நினைத்தால் மணிக்கட்டோ தோளோ போய்விடும். விழத் தெரியாதவர் எதிராளியின் பிடியில் விறைத்துப்போய் நிற்பார், விறைத்தவரின் நிலை எளிதில் உடையும் என்பதால் இதுவும் நிலையைப் பற்றிய பாடமே என்றார்.

அவர் நிலையை விளக்கிய விதம்தான் இந்த வகுப்பின் சிறந்த பகுதி. ஒருவரை இயல்பாக நிற்கச் சொல்லி, அவருடைய இரண்டு பாதங்களையும் இணைத்து ஒரு கோட்டை மெத்தையில் டேப்பால் ஒட்டினார். பிறகு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, முன்னால் ஒரு புள்ளியும் பின்னால் ஒரு புள்ளியும் வைத்தார். முக்காலிக்கு மூன்று கால், மனிதனுக்கு இரண்டு. இல்லாத மூன்றாவது கால் இருந்திருக்க வேண்டிய இடம் இந்தப் புள்ளிதான் என்றார். கோட்டின் திசையில் எண்பது கிலோ ஆளைத் தள்ளினால் அவர் அசைவதில்லை; புள்ளியின் திசையில் இரண்டு விரல்களால் இழுத்தாலும் அடி எடுத்துவைத்தாக வேண்டும். தொப்புளுக்குச் சற்றுக் கீழே உள்ள எடை மையத்திலிருந்து தரைக்கு ஒரு நூல் தொங்குவதாக எண்ணிக்கொண்டால், அந்த நூல் பாதங்கள் அடைத்திருக்கும் பரப்பைவிட்டு வெளியே போகும் கணத்தில் மனிதன் விழத் தொடங்குகிறான். நம் ஊர் அடிமுறை ஆசான்கள் காலடியைச் சுவடு என்று பெயரிட்டு, அதையே முதற்பாடமாக வைத்திருப்பதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் முறையில், ஓர் எறிதல் மூன்று படிகளைக் கொண்டது: எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் குசுஷி, எறிவதற்கு ஏற்ற இடத்தில் தன் உடம்பைப் பொருத்தும் சுகுரி, எறிந்து முடிக்கும் காகே. குலைப்பதற்கு எட்டுத் திசைகள் உண்டு. எங்கள் வகுப்பில் எல்லோரும் காகேக்கு அவசரப்பட்டோம், மேடம் எங்களைக் குசுஷியிலேயே இரண்டு வாரம் பிடித்து வைத்தார். "சார், இழுக்காதீங்க. நீங்க நகருங்க, அவர் தானா வருவார்" என்று அவர் எனக்கு எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. கையை மடக்கி இழுத்தால் புயத்தின் பலம் மட்டுமே எதிராளிக்குப் போகிறது. பிடியை இறுக்காமல் வைத்துக்கொண்டு காலைப் பின்னெடுத்தால் என் எழுபத்திரண்டு கிலோவும் அவருடைய சட்டைக் கையில் தொங்குகிறது. முஷ்டிக்குப் பின்னால் மொத்த உடம்பு நிற்பதில்லை என்று மேலே எழுதினேன்; இங்கே உண்மையாகவே நிற்கிறது, ஏனென்றால் குத்தைப் போல மோதல் ஒரு கணத்தில் முடிந்துவிடாமல், பிடி இருக்கும் வரை விசையைச் செலுத்த நேரம் கிடைக்கிறது.

ஓ-கோஷி என்னும் இடுப்பு எறிதலில் எங்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றே. எதிராளியை முதுகில் ஏற்றிக்கொள்ள இடுப்பிலிருந்து குனிந்தோம். குனிந்தால் நம் எடை மையம் முன்னே ஓடிவிடும், அவரோ பின்னால் நிம்மதியாக நின்றுகொண்டிருப்பார். முதுகை நேராக வைத்து, முழங்கால்களை மடக்கி, நம் இடுப்பு அவருடைய இடுப்புக்குக் கீழே போகும் அளவுக்கு இறங்கி, நம் பாதங்களை அவருடைய பாதங்களுக்கு உள்ளே நெருக்கமாக வைத்துக்கொண்டு, பிறகு முழங்கால்களை நிமிர்த்தினால் போதும். ஐம்பது கிலோகூட இல்லாத ஒரு கல்லூரி மாணவி அந்த முறையில் என்னைத் தூக்கிப் போட்டபோது, என் காலடியில் தரை இல்லாமல் போனதைத் தவிர வேறெதையும் நான் உணரவில்லை. இங்கும் தள்ளுவது தரையைத்தான்; குத்துச்சண்டையில் அந்தத் தள்ளல் சுழற்சியாக மாறுகிறது, இங்கே முதலில் ஏற்றமாகவும் பிறகு சுழற்சியாகவும் மாறுகிறது.

எட்டாவது வாரத்தின் முடிவில் யாராவது கேட்டிருந்தால், தயங்காமல் சேருங்கள் என்று சொல்லியிருப்பேன். கடைசி நான்கு வாரங்கள்தான் பலகையில் எழுதியிருந்த வாக்குறுதியைச் சோதித்தன, அதில் வகுப்பு சறுக்கியது.

வாக்குறுதி ஒரே நிலை என்பது. அந்த ஒரே நிலையாக இவர்கள் முன்வைத்தது, குத்துச்சண்டை நிலையைச் சற்றே அகலமாக்கி, சற்றே தாழ்த்திய ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தச் சமரசம், கால் எது என்ற கேள்வியிலேயே உடைகிறது. வலக்கைப் பழக்கமுள்ள குத்துச்சண்டைக்காரர் இடக்காலை முன்னே வைப்பார், ஏனென்றால் பலமான வலக்கை பின்னாலிருந்து முழுச்சுழற்சியோடு வர வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ள ஜூடோக்காரர் வலக்கையால் கழுத்துப்பட்டையைப் பிடித்து வலக்காலை முன்னே வைப்பார், மல்யுத்த வீரர்களிலும் பலர் பலமான காலையே முன்னே வைப்பார்கள். முதல் நான்கு வாரம் இடக்கால் முன்னே, அடுத்த நான்கு வாரம் வலக்கால் முன்னே என்று பழகிவிட்டு, ஒன்பதாவது வாரத்தில் எந்தக் காலை முன்னே வைப்பது என்று நாங்கள் கேட்டபோது, இரண்டு பயிற்றுநர்களும் இரண்டு பதில்களைச் சொன்னார்கள். தனித்தனியாக இரண்டும் சரியான பதில்களே. அவற்றை முன்கூட்டி உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளாமல் கட்டணம் வாங்கியதுதான் தவறு.

உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. காலைத் தாக்க வருபவரைத் தடுக்க வேண்டுமானால் இடுப்பு தாழ வேண்டும், கைகளும் இறங்க வேண்டும். கைகள் இறங்கினால் முகம் திறந்துவிடும். முகத்தைக் காக்க உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நின்றால், முன்கால் எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும், உதைக்கவும் செய்யலாம், பிடித்துத் தூக்கவும் செய்யலாம். தாழ்ந்து அகன்ற நிலை உறுதியானது, ஆனால் அதிலிருந்து ஒரு காலை விடுவித்து அடி எடுத்து வைப்பதற்குள் காலம் போய்விடும். ஜூடோவிலேயே, அளவுக்கு மீறித் தாழ்ந்து தற்காப்பாக மட்டும் நிற்பவருக்குப் போட்டியில் ஷிடோ என்னும் தண்டனை விழும். ஆகவே தொலைவில் ஒரு நிலை, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நிலை, பிடித்த பிறகு ஒரு நிலை என்று மூன்றையும் கற்பித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு எந்தக் கணத்தில், எந்தக் காலால் மாறுவது என்பதைப் பழக்கியிருக்க வேண்டும். மாறும் கணத்தில்தான் ஆள் அடிவாங்குகிறான், விழுகிறான். அதற்கு இந்த வகுப்பில் மொத்தமாக ஒதுக்கியது இரண்டு காலைகள்.

நான் கற்ற கராத்தேயின் நீண்ட முன்வளை நிலையைக் கோச் முதல் நாளே கிண்டல் செய்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பின்குதிகாலைத் தரையில் அழுத்தி, முன்முழங்காலை மடக்கி நிற்கும் அந்த நிலையில் யாரும் சண்டையிடுவதில்லை என்பது உண்மை. ஆனால் பத்தாம் வாரத்தில், என்னைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரைத் தடுத்து நிறுத்தி, அவருடைய மார்பின் மேல் என் எடையைச் சாய்த்தபோது, என் கால்கள் தாமாக எடுத்த வடிவம் ஏறக்குறைய அதுவேதான். கோச் அதைப் பார்க்கவில்லை. மேடம் பார்த்துச் சிரித்தார்.

சேர நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். நெரிசல் இல்லை, ஒருவருக்கு ஒருவர் இணை எளிதில் கிடைக்கும். பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள், பிடிப் பயிற்சியில் இணை மாற்றிக்கொள்ளும் விருப்பத்தை மேடம் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக்கொண்டார். முழங்கால் பழுது உள்ளவர்கள் மெத்தையின் மேல் குத்துப் பழகுவதைத் தவிர்க்க வேண்டும். ஜூடோ உடை கட்டணத்தில் சேராது. உடல் இளைப்பதற்காக மட்டும் வருபவர்களுக்கு முதல் இரண்டு வாரங்கள் ஏமாற்றமாக இருக்கும், வியர்ப்பதே குறைவு.

கடைசி வகுப்பு முடிந்த அன்று, முன்கால் பற்றிய குழப்பத்தை எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, எட்டு வாரங்களுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் செலுத்தும் வசதியை அடுத்த தொகுதியிலிருந்து தருவதாகச் சொன்னார். அப்படித் தந்தால் அதை வாங்கலாம். பன்னிரண்டு வாரத்துக்கு இப்போதைக்கு நான் பணம் கட்ட மாட்டேன். மேடத்தின் மாலை வகுப்பில் மட்டும் சேர்ந்திருக்கிறேன், வலக்கால் முன்னே.